கோபிஷாவின் தாய்வழி

அட்லிஸ்வில்
சுவிஸ், 10.11.2024

அன்பின் தங்கச்சி ரூபினிக்கு,

முருகன் துணை. நானும் அத்தானும் மகன் கீர்த்தனனும் சுகம். உன் முழங்கால் இப்போது எப்படி? ஷோ-து-ஃபோனில் பனி விழத் தொடங்கியிருக்கும். வழுக்காத சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போ.

இந்தக் காலத்தில் அக்கா கடதாசி எடுத்து எழுதுகிறாளே என்று சிரிப்பாய். கீர்த்தனன் என் ஃபோனையும் வீட்டு ஐபாடையும் என்னவோ செய்து ஒன்றாக்கி வைத்திருக்கிறான். போன மாதம் நீ என் மாமியைப் பற்றி அனுப்பிய குரல் செய்தி, மாமி சோபாவில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஐபாடில் சத்தமாகப் போனது. அன்று எழும்பிப் போன மாமி இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. ஆகவே இந்த விஷயத்துக்குக் கடிதம்தான். நீயும் கடிதமே போடு.

கீர்த்தனனுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பெண் உன் ஊரில், உன் கடிகாரத் தொழிற்சாலையிலேயே வேலை செய்கிறாள். பெயர் கோபிஷா. தகப்பன் சச்சிதானந்தன், தாய் பிரபாலினி, திருகோணமலை ஆட்கள். கோயிலில் ஒருவர் படத்தையும் சாதகக் குறிப்பையும் தந்தார். குறிப்பு நன்றாகப் பொருந்துகிறது. அதைவிட அதிசயம், உன் பெறாமகன் கீர்த்தனன் படத்தைப் பார்த்துவிட்டு "பார்ப்பம்" என்றான். எத்தனை படம் காட்டினேன், ஒன்றுக்கும் கண்ணை நிமிர்த்தாதவன், இதைக் கையில் வாங்கி வைத்திருந்து பார்த்தான். இது தவறினால் இனி ஒருவரையும் பார்க்க மாட்டான். அவனைப் பெற்றவளுக்கு அது தெரியும்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. கோயில் சனத்திடம் தகப்பன் பக்கத்தைக் கேட்டால் வளவு, ஒழுங்கை, கோயில் எல்லாம் சொல்கிறார்கள். தாயின் பக்கத்தைக் கேட்டால், "அவையும் நல்ல ஆக்கள்தான்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். நல்ல ஆட்களுக்கு ஊர் பெயர் இருக்காதா?

நீ நாள் முழுக்கக் கண்ணில் பூதக்கண்ணாடி வைத்துக் கடிகார முகப்பில் கீறலும் தூசியும் தேடுகிறவள். இதையும் அப்படித் தேடிப் பார். பெண்ணின் நடத்தை எப்படி, யாரோடு திரிகிறாள், தாயின் பூர்வீகம் என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். நீ என் தங்கச்சி என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. கவனம்.

அன்புடன்,
அக்கா சிவமலர்


லா ஷோ-து-ஃபோன்
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். முழங்கால் பனிக்கு முன்னமே வலித்துச் செய்தி சொல்லிவிடுகிறது. அத்தானின் சீனி வருத்தம் குறைந்ததா?

மாமி கதையைப் படித்து வயிறு நோகச் சிரித்தேன். பிறகு கவலைப்பட்டேன். பிறகு மறுபடியும் சிரித்தேன்.

கோபிஷா எனக்கு இரண்டு மேசை தள்ளித்தான் இருக்கிறாள். அமைதியான பிள்ளை. கை சுத்தம், வேலை சுத்தம். என்னைக் கண்டால் "அன்ரி" என்று சொல்லிச் சிரிப்பாள். தகப்பன் தபால் வான் ஓட்டுகிறார். தாய் வயோதிபர் இல்லத்தில் வேலை. இருவரையும் கடைத் தெருவில் கண்டிருக்கிறேன், தலையாட்டுவோம். அதற்கு மேல் பழக்கமில்லை.

பெண் அழகு. மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. முடி நல்ல சுருள். அதை இழை இழையாகப் பின்னிக்கொண்டு வருவாள். வேலைத்தளத்தில் எல்லாருக்கும் அந்தப் பின்னல் பிடிக்கும்.

ஒன்று மட்டும் உண்டு. சனிக்கிழமை மேலதிக வேலை கேட்டால் மற்றவர்கள் ஓடி வருவார்கள். இவள் வருவதில்லை. "எனக்கு வேறை இடத்திலை வேலை இருக்கு" என்பாள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மண்டபத்துக்குள் அவள் போவதைக் கண்டதாக எங்கள் பகுதி அக்‌ஷயா சொன்னாள். என்ன மண்டபம் என்று அவளுக்கும் தெரியாது.

இதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

அன்புள்ள தங்கை,
ரூபினி


அட்லிஸ்வில்
29.11.2024

அன்பின் ரூபினி,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். அத்தான் சீனியைக் குறைத்துவிட்டேன் என்று சொல்கிறார். அவர் சேட் பையில் பிஸ்கட் தூள் இருக்கிறது. இந்த வீட்டில் நான் யாரை நம்புவது?

நீ "பெரிதாக எடுக்க வேண்டாம்" என்று எழுதும்போதெல்லாம் விஷயம் பெரிதாகத்தான் இருக்கும். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம்.

படத்தில் முடி நேராக இருந்தது. நீ சுருள் என்கிறாய். படம் எடுக்கும்போது ஏன் நேராக்கினார்கள்? ஒரு கல்யாணப் பெண்ணுக்குச் சனிக்கிழமை மண்டபத்தில் என்ன வேலை? கோயில் என்றால் கோயில் என்று சொல்வாள். வகுப்பு என்றால் வகுப்பு என்று சொல்வாள். பெயர் சொல்ல முடியாத இடத்தில் ஒரு பொடியன் இருப்பான். நான் பிள்ளை பெற்று வளர்த்தவள்.

வருகிற சனி நீ பின்னால் போய்ப் பார். கிட்டப் போக வேண்டாம். உனக்கும் உன் கணவர் போன பிறகு சனிக்கிழமையில் வீட்டுக்குள் என்ன இருக்கிறது, ரிவிப் பெட்டியும் தலையிடியும்தானே. காற்றாடப் போனது மாதிரிப் போ.

கீர்த்தனன் நேற்று, "அந்த ஆக்கள் ஏதும் சொன்னவையோ?" என்று தானாகக் கேட்டான். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதுதான் பயமாகவும் இருக்கிறது.

அக்கா


லா ஷோ-து-ஃபோன்
16.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எனக்குத் தடிமன். காரணம் நீங்கள்தான்.

சனிக்கிழமை போனேன். கொட்டும் பனி. கோபிஷா உள்ளே போனதும் நான் எதிர்ப்பக்கம் ஒரு மதிலோடு நின்றேன். உள்ளேயிருந்து மேளச் சத்தம் வந்தது. போகிறவர்கள் எல்லாம் ஆபிரிக்க ஆட்கள்; கிழவர், குழந்தைகள், சமையல் சட்டியோடு பெண்கள். கதவில் ஒரு சுவரொட்டி இருந்தது. அதை வாசிக்கக் கிட்டப் போனதுதான் பிழை. பின்னால் ஒரு பெரிய அம்மா வந்து, என் தலையில் இருந்த பனியைத் தட்டிவிட்டு, கையில் ஒரு வெங்காயப் பையைத் தந்து, "உள்ளுக்கு வாங்கோ, வெளியிலை குளிர்" என்று பிரெஞ்சில் சொல்லித் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அங்கோலா நாட்டுக்காரர். பெயர் மதாம் டொமிங்காஸ். அவரிடம் "மாட்டேன்" என்று சொல்ல முடியாது. நான் முயன்று பார்த்தேன்.

உள்ளே கோபிஷா நின்றாள். "அன்ரி! நீங்களும் வந்திட்டீங்களோ?" என்றாள்.

எனக்கு வாயில் வந்தது, "சுவரொட்டியைப் பாத்தனான், உதவி செய்யலாமெண்டு…"

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "நல்லது அன்ரி" என்று சொல்லிவிட்டு வெங்காயப் பையை வாங்கிக்கொண்டாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பெப்ரவரி மாதம் அவர்கள் ஆபிரிக்க வம்சாவளியினரின் வரலாற்றையும் கலைகளையும் கொண்டாடப் போகிறார்கள். கண்காட்சி, பாட்டு, சாப்பாடு, பிள்ளைகளுக்குக் கதை. இப்போது அதில் வடை சுடும் பொறுப்பு எனக்கு. வேவு பார்க்க அனுப்பினீர்கள், சமையற்காரியாகிவிட்டேன்.

பொடியன் ஒருவனையும் அவளோடு காணவில்லை.

தங்கை ரூபினி


அட்லிஸ்வில்
21.12.2024

அன்பின் தங்கச்சிக்கு,

தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. மிளகும் போடு.

உன் கடிதத்தைக் குளியலறைக்குள் வைத்து இரண்டு தரம் படித்தேன். ஆபிரிக்க ஆட்களா? ஐயோ ரூபினி, காப்பிலிக் கூட்டத்துக்குள் ஒரு தமிழ்ப் பெண் ஒவ்வொரு சனியும் ஏன் போகிறாள்? வடை சுடவா? இப்போது எனக்கு எல்லாம் விளங்குகிறது. பொடியன் அங்கேதான் இருக்கிறான். மேளம் அடிக்கிறவனாக இருப்பான். அவர்கள் எல்லோரும் உயரமாக இருப்பார்களே, உனக்குக் கண்ணில் படவில்லையா?

நீ விலகாதே. அங்கேயே இரு. வடையைச் சுட்டுக்கொண்டு பார். யாரோடு சிரிக்கிறாள், யார் அவளுடைய மேல்சட்டையைப் பிடித்துக் கொடுக்கிறான், இதெல்லாம் பார். தாயின் பூர்வீகத்தையும் மறக்காதே.

நத்தார் பண்டிகை லீவுக்கு இங்கே வா என்று ஃபோனில் கேட்டேன், பதில் இல்லை.

அக்கா


லா ஷோ-து-ஃபோன்
26.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தைப்பொங்கலுக்குக்கூட ஃபோன் எடுக்கவில்லை என்று கோபமாக இருப்பீர்கள். மன்னியுங்கள். வேலை கூட. தடிமன் மாறிவிட்டது. அத்தானை நடக்கச் சொல்லுங்கள்.

கேட்டவற்றுக்குப் பதில் தருகிறேன். பொடியன் இல்லை. மேளம் அடிக்கிறவன் உயரம்தான். அவனுக்கு லோசானில் ஒரு பெண் நிச்சயம் செய்திருக்கிறது, எனக்கே படம் காட்டினான். கோபிஷாவின் மேல்சட்டையை அவளேதான் போடுகிறாள்.

கண்காட்சிக்கு ஒரு பழைய பூத்துணியின் பிரதி வந்திருக்கிறது. முன்பு இந்த மாகாணத்தில் அச்சடித்த துணியாம். அதைக் கப்பலில் ஆபிரிக்கக் கரைக்குக் கொண்டுபோய், துணிக்குப் பதிலாக மனிதர்களை வாங்கினார்களாம். பூவைப் பார்த்தால் நம்முடைய பழைய சீத்தைத் துணி மாதிரி இருந்தது. கேட்டேன். இந்தியக் கரைத் துணிகளைப் பார்த்துத்தான் இங்கே பழகினார்களாம். மதாம் டொமிங்காஸ் அந்தத் துணியைத் தொட்டுப் பார்க்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நானும் தொடவில்லை.

தாயின் பக்கம் கேட்டிருந்தீர்கள். பிரபாலினியின் தகப்பன் புத்தளம் பக்கத்து ஆள். பெயர் பெனடிக். திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்து, அங்கேயே தமிழ்ப் பெண்ணைக் கட்டியவர். காலமாகிவிட்டார். நல்ல மனிதராம்.

வேறு விசேஷமில்லை.

ரூபினி


அட்லிஸ்வில்
01.02.2025

ரூபினிக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். எனக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது.

நீ எதையோ மறைக்கிறாய். துணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவள், ஒரு மனிதனைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு "வேறு விசேஷமில்லை" என்கிறாய். அந்த ஆள் "தமிழ்ப் பெண்ணைக் கட்டியவர்" என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அவர் தமிழர் இல்லையா? பெனடிக் என்றால் வேதக்காரர், கிறிஸ்தவர். அதைக்கூட அத்தானிடம் சொல்லிச் சமாளிப்பேன். ஆனால் வேதக்காரர் என்றால் நீ வேதக்காரர் என்று எழுதியிருப்பாய். நீ எழுதாமல் விட்டது வேறு ஏதோ.

மார்ச் கடைசியில் பொம்பிளை பார்க்க வருகிறோம் என்று கோயில்காரர் மூலம் சொல்லிவிட்டேன். கீர்த்தனன் புதுச் சேட் வாங்கியிருக்கிறான். அவன் சேட் வாங்கி நீ எப்போதாவது கேள்விப்பட்டாயா? அதற்குள் எனக்கு உண்மை தெரிய வேண்டும். நீ எனக்குத் தங்கச்சியா, அவர்களுக்குத் தங்கச்சியா?

அக்கா


லா ஷோ-து-ஃபோன்
24.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இரத்த அழுத்தம் குறைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதம் அதை ஏற்றும்.

நேற்று முன்தினம் சனிக்கிழமை விழா நடந்தது. முழுவதையும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு முன்பே எனக்குத் தெரியும். எழுதவில்லை. எழுதினால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும்.

பிரபாலினியின் தகப்பன் பெனடிக் ஆபிரிக்க வம்சம். போர்த்துக்கேயப் பறங்கியர் காலத்திலும் பிறகு ஒல்லாந்தர், வெள்ளைக்காரர் காலத்திலும் கோட்டை கட்டவும் சண்டை பிடிக்கவும் அந்தக் கண்டத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஆட்களின் பிள்ளைகள் புத்தளத்திலும் திருகோணமலையிலும் இன்றும் இருக்கிறார்கள். நாங்கள் அதே தீவில் பிறந்து வளர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் ஒரு வரி படிக்கவில்லை. நான் அதை இந்தப் பனிமலையில் வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டு தெரிந்துகொண்டேன்.

ஒத்திகையில் பிரபாலினி, தகப்பன் பாடிய பாட்டொன்றைப் பாடினா. அதன் பொருள் அவவுக்குத் தெரியாது. தகப்பனுக்கும் தெரியாதாம். பாடு என்று அவருடைய ஆட்கள் பழக்கியதைப் பாடியிருக்கிறார். அடுப்படியில் நின்ற மதாம் டொமிங்காஸ் அகப்பையோடு ஓடி வந்தார். "திருப்பிப் பாடு, திருப்பிப் பாடு" என்றார். அவருடைய நாட்டில் போர்த்துக்கேய மொழிதான் பேசுகிறார்கள். பாட்டு பழைய போர்த்துக்கேயம், சிதைந்து போனது. "இது கடல். இது அன்பு. இது என்னவென்று தெரியவில்லை" என்று ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னார். பிரபாலினி நிலத்தில் இருந்து அழுதா. தன் தகப்பனின் வாயிலிருந்த சொல்லுக்கு இத்தனை வயதில் பொருள் கிடைத்தால் யார்தான் அழ மாட்டார்கள்? நானும் அழுதேன்.

விழாவன்று மேடையில் கோபிஷா பிரெஞ்சில் பேசினாள். "என்ரை முகத்தைப் பாத்து எந்த நாடெண்டு கேக்கிற எல்லாருக்கும் இண்டைக்குப் பதில் சொல்லப் போறன்" என்று தொடங்கினாள். அக்கா, மண்டபம் நிறைந்த சனம். பிறகு பாய் விரித்து இருந்து பாடினார்கள். மெதுவாகத் தொடங்கி வரவர வேகம் ஏறும் பாட்டு. போத்தலில் கரண்டியால் தட்ட வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். மதாம் என்னைப் பார்த்தார். நான் ஏறி இருந்து தட்டினேன். தாளம் பிழைக்கவில்லை. என் கணவர் போன பிறகு நான் இப்படிச் சந்தோஷமாக ஒரு நாளும் இருந்ததில்லை. அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்திருக்கிறது. நானும் இருக்கிறேன்.

பெண் தங்கம். இதற்கு மேல் விசாரிக்க எதுவுமில்லை.

உங்கள் தங்கை,
ரூபினி


அட்லிஸ்வில்
28.02.2025

ரூபினி,

சுகம் கேட்க எனக்கு மனமில்லை.

காப்பிலி ரத்தத்தை என் வீட்டுக்குள் விட மாட்டேன். நாளைக்கு எனக்கு ஒரு பேரப்பிள்ளை பிறந்தால் அதைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் எந்த முகத்தோடு காட்டுவேன்? நேரான முடியோடு படம் எடுத்து அனுப்பி ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள். நான் மோப்பம் பிடித்தேன். நீ அதை மூடி மறைத்தாய். மேடையில் வேறு ஏறி இருக்கிறாய், ஒரு கைம்பெண்.

சம்பந்தம் முடிந்தது. கீர்த்தனனுக்கு நான் வேறு காரணம் சொல்லிக்கொள்கிறேன். நீ அவனோடு கதைக்க வேண்டாம்.

சிவமலர்


அட்லிஸ்வில்
23.03.2025

அன்பின் தங்கச்சி ரூபினிக்கு,

நீ பதில் போடவில்லை. நானும் அப்படி எழுதியிருக்கக் கூடாது. கைம்பெண் என்று எழுதியதை மட்டுமாவது மறந்துவிடு. முழங்கால் எப்படி என்று ஒரு வரி எழுது.

இங்கே வீடு வீடாக இல்லை. குறிப்பில் ஏதோ பிழை என்று கீர்த்தனனிடம் சொன்னேன். அவன் ஃபோனை எடுத்து என் முன்னால் வைத்தான். அந்த விழாவின் வீடியோ. கோபிஷா பேசியது, பாடியது, நீ போத்தலில் தட்டியது எல்லாம் இருக்கிறது. எத்தனை தரம் பார்த்தானோ. "எனக்குத் தெரியும் அம்மா. எனக்கு அது ஒரு பிரச்சினையில்லை. உங்களுக்கோ?" என்று கேட்டான். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அத்தான் வழமையாக வாய் திறக்காத மனிதர். அவரும் சொன்னார்: "நாங்கள் வந்த புதிசிலை எங்களைக் கண்டால் இந்தச் சனம் கைப்பையை இறுக்கிப் பிடிச்சது. எங்களை விசாரிச்ச மாதிரியே நீர் இப்ப அந்தப் பிள்ளையை விசாரிக்கிறீர்." அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

சரி. நான் இறங்கி வருகிறேன். ஏப்ரல் ஆறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை பழத்தட்டோடு வருகிறோம். பெருந்தன்மையோடுதான் வருகிறோம் என்று அவர்களுக்கு விளங்க வேண்டும். இதை மட்டும் நீ முதலே போய் நயமாகச் சொல்லிவை: அந்தத் தாத்தாவின் பேச்சு எங்கள் ஆட்கள் மத்தியில் வரக் கூடாது, கல்யாணத்துக்கு முடியை நேராக்க வேண்டும், இனி மேடையில் ஏறக் கூடாது. நான் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை.

நல்ல பதிலாக எழுது. கீர்த்தனன் அந்தப் புதுச் சேட்டை அயர்ன் பண்ணித் தொங்கவிட்டிருக்கிறான்.

அக்கா


லா ஷோ-து-ஃபோன்
30.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் பரவாயில்லை. நீங்கள் சாப்பிடாமல் இருக்க வேண்டாம்.

நீங்கள் சொன்னபடி நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். சச்சிதானந்தன் அண்ணை கதவைத் திறந்தார். பிரபாலினி தேத்தண்ணீரும் பயத்தம் பணியாரமும் வைத்தா. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்க முன்பே அவ சொன்னா:

"நீங்கள் சிவமலர் அக்காவின்ரை தங்கச்சியெண்டு எங்களுக்கு முதலே தெரியும். நவம்பரிலையே தெரியும்."

படம் தந்த கோயில்காரரே, மாப்பிள்ளையின் சித்தி இதே தொழிற்சாலையில் வேலை என்று அவர்களிடம் சொல்லியிருந்தாராம். டிசம்பரில் நான் பனிக்குள் மதிலோடு நின்றதைக் கோபிஷா ஜன்னலால் பார்த்திருக்கிறாள். மதாமிடம் "அந்த அன்ரி குளிரிலை நிக்கிறா, கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று சொன்னதே அவள்தானாம். விசாரிக்க வந்தவளை உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டியிருக்கிறார்கள். படத்தில் முடியை நேராக்கியது ஸ்டூடியோக்காரன், அவளுக்கே அது பிடிக்கவில்லை என்றாள். மறைக்க அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒளித்துத் திரிந்தது நாங்கள்தான்.

"பொம்பிளை வீட்டுக்காரரும் விசாரிப்பினம்தானே," என்றா பிரபாலினி. "கீர்த்தனனைப் பற்றி அவர் வேலை செய்யிற இடத்திலை கேட்டம். தங்கமான பிள்ளையெண்டினம். மாமியாரைப் பற்றி மட்டும் இன்னும் ஒருத்தரையும் கேக்கேல்லை. உங்களைத்தான் கேக்க வேணும். என்ரை அப்பாவைப் பற்றி அறிஞ்ச உடனை உங்கடை அக்கா என்ன சொன்னவா? நீங்கள் பொய் சொன்னாலும் நான் குறை நினைக்கமாட்டன்."

கோபிஷா என் முன்னால் இருந்தாள். அக்கா, உங்களுக்காக நான் எத்தனை பேரிடம் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன். அத்தானிடம், மாமியிடம், அம்மாவிடம். நேற்றும் ஒன்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. நீங்கள் எழுதியதை எழுதியபடியே சொன்னேன். காப்பிலி என்ற அந்த வசைச் சொல்லையும் சேர்த்துச் சொன்னேன்.

பிரபாலினி கோபிக்கவில்லை. "பள்ளிக்கூடத்திலை எனக்கு அதுதான் பேர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பவும் தேத்தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தா. அந்தத் தேத்தண்ணீரைக் குடிக்க எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது.

பிறகு உங்கள் நிபந்தனைகளையும் சொன்னேன், சொல்லச் சொன்னீர்களே. அதற்குக் கோபிஷா பதில் சொன்னாள்.

"அன்ரி, அவரை எனக்குப் பிடிச்சிருந்தது. விழா முடிஞ்சு எனக்கு ஒரு மெசேஜ் போட்டவர், நல்லாப் பேசினீங்களெண்டு. ஆனால் அந்த வீட்டிலை என்ரை அம்மப்பாவை ஒளிக்கிறதெண்டால் முதல்லை என்ரை முகத்தை ஒளிக்க வேணும். நாளைக்கு என்ரை பிள்ளையின்ரை முகத்தையும். அது என்னாலை ஏலாது."

சச்சிதானந்தன் அண்ணை மகளின் தலையைத் தடவிக்கொண்டு இருந்தார். அவரும் வேண்டாம் என்றார்.

ஆறாம் திகதி வர வேண்டாம், அக்கா. நீங்கள் ஓமா இல்லையா என்று இத்தனை மாதம் யோசித்துக்கொண்டிருந்தீர்கள். அவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கீர்த்தனனுக்குக் காரணத்தை நீங்களே சொல்லுங்கள். என்னிடம் கேட்டால் நான் இனி மறைக்க மாட்டேன்.

உங்கள் தங்கை,
ரூபினி


அட்லிஸ்வில்
06.04.2025

ரூபி,

இன்றைக்கு நாங்கள் அங்கே வந்திருக்க வேண்டிய நாள். பழங்களை முதலே வாங்கிவிட்டேன். மேசையில் கிடக்கின்றன. ஒருவரும் தொடவில்லை.

உன் மேல் மூன்று நாள் கோபமாக இருந்தேன். என் சொல்லை எடுத்துக்கொண்டு போய் அங்கே வைத்துவிட்டாயே என்று. பிறகு யோசித்தேன், அது என் சொல்தானே. நீ உன்பாட்டில் ஒன்றும் சேர்க்கவில்லையே.

பெண் வீட்டார் விரும்பவில்லையாம் என்று கீர்த்தனனிடம் சொன்னேன். அவன் தொங்கிய புதுச் சேட்டை எடுத்து மடித்தான். பிறகு, "எங்களிலை என்ன குறை கண்டவையாம்?" என்று கேட்டான்.

இவ்வளவு காலமும் நான் மற்றவர்கள் வீட்டைப் பற்றிக் கேட்ட கேள்வி. என் பிள்ளை என்னிடம் கேட்கிறான். அரிசி கழுவிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்க்க முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, ரூபி. அந்தப் பெண்பிள்ளை அவனை விரும்பியிருக்கிறாள் என்று நீ எழுதிய இடத்தை ஒவ்வொரு நாளும் படிக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை அவன் அங்கே வருகிறான். சித்தியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்கிறான். உன்னிடம் கேட்பான். மறைக்காதே. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. நான் எழுதிய அந்தச் சொல்லையும் நீயே அவனுக்குச் சொல்லிவிடு.

அக்கா